‘நன்று’ என்று நான் எழுதிய முதியோர் இல்லம்

இந்த மலைக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் காலையில் தேங்காயெண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். எண்ணெய் விழுவதில்லை. இலங்கையின் இந்த லிந்துலையில் அது வெள்ளை மெழுகாக உறைந்து கிடக்கும். அடுப்போரம் பத்து நிமிடம் வைத்தால்தான் தலையில் தேய்க்கலாம். எங்கள் ஊர் முசிறியில் மார்கழிப் பனிக்கு இரண்டொரு நாள் உறையும். அதைத் தெருவெல்லாம் பேசிக்கொள்வோம். இங்கே அது தினசரி நடப்பு. எனக்கு இது தெரியும், என் கைக்குத்தான் தெரியவில்லை. “நீங்க வந்து இறங்கிட்டீங்க, ஒங்க கை மட்டும் இன்னும் கப்பலேறல” என்பாள் என் மனைவி.

ஊரிலிருந்து என் மைத்துனர் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். சென்ற தை மாதம் வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது: “அந்தத் தேசத்தில் வயதானவர்களைக் கொண்டுபோய் விடுதியில் தள்ளிவிடுகிற பழக்கம் வந்துவிட்டதாமே. நம் பக்கத்தில் அந்தக் கேவலம் இன்னும் வரவில்லை.” அன்றிலிருந்து அந்த வரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு மட்டும் பதில் எழுதினால் போதாது என்று தோன்றியது. ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல மண்டபம் முகாமில் கிருமி போக உடுப்பை அவிக்கக் கொடுத்துக் கப்பலேறி வந்தவர்களும் சேர்ந்து படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். தேதிகளையும் நேரங்களையும் என் நாட்குறிப்பிலிருந்து சரிபார்த்திருக்கிறேன். கோபத்தைச் சரிபார்க்க எனக்குத் தெரியவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருக்கிறேன். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசைக்கு, வருகிறவர்களின் பெயர்கள் செக்ரோல் என்கிற ஆள்பதிவேட்டில் ஏறுவதும் இறங்குவதும் என் மேசையில்தான். ஒருவருக்கு வயதாகிவிட்டது, உடம்பு முடியவில்லை என்றால் துரை தலையசைப்பார். நான் சிவப்பு மையால் பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுப்பேன். கோடு விழுந்தவருக்கு வேலை இல்லை, அரிசி இல்லை, சில நாளில் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் காம்பிராவும் இல்லை. மகனுடைய காம்பிராவுக்குப் போகலாம் என்றால், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஏற்கெனவே எட்டுப் பேர் படுத்திருப்பார்கள். ஆகவே மைத்துனரே, எவரும் யாரையும் ‘தள்ளி’விடவில்லை. படுக்க இடம் இல்லை. இதற்காகத்தான் தோட்ட உத்தியோகத்தர் சங்கம் ஒன்று, கைவிடப்பட்ட பழைய பங்களா ஒன்றை வாங்கி, பதினான்கு பேரைச் சேர்த்து முதியோர் இல்லம் நடத்துகிறது. வேறொரு தோட்டத்தில் கண்டாக்காக இருந்து, மலை மலையாக வேலையை மேற்பார்த்து, ஓய்வு பெற்ற பொன்னையா என்பவர்தான் பொறுப்பாளர். ஆண்டுக்கு ஒருமுறை சங்க உறுப்பினர் ஒருவர் போய்ப் பார்த்து, சுத்தம், உணவு, படுக்கை, மருந்து, ஒழுங்கு, மனநிறைவு என்று தலைப்பிட்ட தாளில் ‘மிக நன்று’, ‘நன்று’, ‘போதும்’, ‘போதாது’ என்று தரம் போட வேண்டும். சென்ற தை மாதம் அந்த வேலை எனக்கு வந்தது. “நீங்க எழுதினா ஒரு புள்ளி பிசகாது” என்றார் செயலாளர். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தத் தை மாதம் எப்படிப்பட்டது என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. இத்தனை இலட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை இலட்சம் பேர் இலங்கைக்கு என்று அரிசி மூட்டையைப் பிரிப்பதுபோலப் பிரித்துவிட்டார்கள். யார் எந்த மூட்டையில் என்று எவருக்கும் சொல்லவில்லை. விண்ணப்பப் பாரமும் வரவில்லை, அதிகாரியும் வரவில்லை. வதந்திதான் வந்தது. கைநாட்டு வைக்காதவர்களை முதலில் அனுப்புவார்களாம். இல்லை, வைத்தவர்களைத்தான் அனுப்புவார்களாம். கொழுந்து நிறுக்கும் இடத்திலும், ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலியடியிலும், கோயில் வாசலிலும் இதே பேச்சு.

ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இல்லத்துக்குப் போனேன். கோட்டு, தொப்பி, கறுப்பு அட்டைக் குறிப்புக் கொப்பி, சீவிய பென்சில் இரண்டு. பொன்னையா பதினான்கு பேரையும் புல்தரையில் வரிசையாக நிறுத்தியிருந்தார். புல்லில் பனி கிடந்தது. எல்லோரும் வெறுங்காலுடன், கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

“தெனம் ஆறு மணிக்கே பெரட்டு வச்சிடுவேங்க. ஐயா பாக்கணும்னு இன்னிக்கு ரெண்டாந்தரம்” என்றார் பொன்னையா. “நம்ம ஆளுங்களுக்குப் பெரட்டு இல்லாட்டி பொழுது விடிஞ்ச மாதிரியே இருக்காது.”

எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும். வரிசையைப் பார்த்தால் மனம் குளிர்கிற மனிதன் நான். கொப்பியைத் திறந்து, வரிசையின் தலையிலிருந்து கேட்டுக்கொண்டே போனேன். பெயர் என்ன? பிறந்த ஊர் எது? இந்த நாட்டில் எத்தனை வருடம்? உடம்புக்கு ஏதாவது நோவு? ஏதாவது குறை? பழக்கத்தில் வந்த வரிசை அது. செக்ரோலில் புதுப் பெயர் ஏற்றும்போது கேட்கிற அதே வரிசை.

காளியம்மா என்ற கிழவி எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆனால் கம்பு மாதிரி விறைத்து நின்றாள். “ஒரு நோவும் இல்லீங்க கிளாக்கரையா. நாளைக்கே கூடைய மாட்டி விடுங்க, இருவது றாத்தல் கொழுந்து எடுத்துக் காட்டுறேன்” என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கொப்பியில் ‘உற்சாகமாக இருக்கிறார்’ என்று குறித்தேன்.

வரிசையின் கடைசியில் வராந்தாத் தூணைப் பிடித்தபடி வீரமலை நின்றார். எங்கள் தோட்டத்துக்காரர்தான், நாற்பது வருடம் கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டியவர். அவர் மட்டும் கம்பளியைத் தோளில் போடாமல் இடுப்பிலிருந்து பாதம் மறையக் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன். “குளுருதுங்க” என்றார். ‘வீரமலை: கம்பளி இடுப்பில், குளிர்’ என்று எழுதிக்கொண்டேன். என் கொப்பியில் எதுவும் விடுபடாது. விடுபட்டதெல்லாம் என் புத்தியில்தான்.

மருந்து அலமாரியை, இடுப்புச் சாவியால் பொன்னையாவே திறந்து காட்டினார். காலுக்குத் தேய்க்கிற எண்ணெய்க் குப்பி கழுத்துவரை நிறைந்திருந்தது. பஞ்சுச் சுருளின் நீலக் காகிதம் பிரிக்கப்படவில்லை. டிஞ்சர் போத்தலின் மூடியில் கடைக்காரன் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. மூன்றையும் குறித்துக்கொண்டு, மருந்து என்ற தலைப்புக்கு எதிரே ‘நன்று, கையிருப்பு நிறைவு’ என்று எழுதினேன். ஸ்டோரைப் பார்க்கிற கண் அது. ஸ்டோரில் குறையாத சாமான் நல்ல சாமான்.

புறப்படும்போது சமையலறைப் பக்கத்திலிருந்து, அங்கே உதவி வேலை பார்க்கும் சிங்களப் பெண் சோமாவதி ஓடி வந்தாள். வேகமாக ஏதோ சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களந்தான் எனக்கு வந்திருந்தது. “ககுல, மாத்தயா, ககுல” என்று சொல்லிச் சொல்லித் தன் காலைத் தட்டிக் காட்டினாள். மாத்தயா என்றால் ஐயா, ககுல என்றால் கால் என்பது தெரியும். பாவம், நாள் முழுக்க நின்று வேலை செய்கிறாள், கால் வலிக்கிறது போலும் என்று எண்ணி, தோட்டத்து மருந்துக் காம்பிராவுக்குப் போகும்படி கையைக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பொன்னையா ஒரு அதட்டுப் போட்டதும் உள்ளே போய்விட்டாள். என் அறிக்கையின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘உதவிப் பெண்ணுக்குக் கால்வலி இருப்பதால் உட்கார ஒரு முக்காலி வாங்கித் தரலாம்.’

திங்கட்கிழமை காலை அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். மனநிறைவு: மிக நன்று.

அந்த வாரம் முழுதும் மைத்துனரின் கடிதம் மேசையில் கிடந்தது. அதற்குப் பதில் எழுதும்போது என் பெரியப்பாவைப் பற்றி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முசிறியில், காவிரிக்கு நான்கு தெரு தள்ளி, எங்கள் வீட்டுக் கொல்லையில் மாட்டுக் கொட்டில் இருந்தது. பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் கட்டிலை அங்கே போட்டார்கள். சுத்தம் செய்ய வசதி என்று காரணம் சொன்னார்கள். மாட்டைக் கழுவுகிற தண்ணீரிலேயே அவரையும் கழுவினார்கள். ஒரு வேளைக் கஞ்சி. உறவுக்காரர் யாராவது வந்து கொட்டில் வாசலில் நின்று, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், “ராஜா மாதிரி இருக்கேன்” என்பார். அவர் சொல்வதைக் கேட்டபடி பெரிய மருமகள் பின்னால் நின்றிருப்பாள். உறவுக்காரர்கள் திருப்தியோடு காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அந்த ஊரில் முதியோர் விடுதி என்ற கேவலம் இல்லை என்பது உண்மைதான். கொட்டில் இருந்ததால் விடுதி தேவைப்படவில்லை. மைத்துனருக்கும் அந்தக் கொட்டில் தெரியும். அந்தக் காப்பியை அவரும் குடித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். கொப்பியிலிருந்த குறிப்புகளை வழக்கம்போல நாட்குறிப்பில் படி எடுத்துக்கொண்டிருந்தேன். நோவு என்ற கட்டத்துக்கு வந்தபோது பென்சில் நின்றது. இல்லை, இல்லை, இல்லை என்று பதினான்கு தடவை எழுதியிருந்தேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. மழை நாளில் முழங்கால் கடுக்கிறது. பனியில் வெறுங்காலோடு நின்ற பதினான்கு கிழங்களில் ஒருவருக்குக்கூட ஒரு கைகால் குடைச்சல் இல்லையா? அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். குறை ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு ஒன்பது பேர் வேலையைப் பற்றிப் பதில் சொல்லியிருந்தார்கள். நாளைக்கே கூடை எடுப்பேன். இன்னும் முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறுவேன். தண்ணி வடியக் கான் வெட்டத் தெம்பு இருக்கு. நான் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லையே!

பிறகு பஞ்சுச் சுருளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். பதினான்கு வயோதிகர்கள் இருக்கும் வீட்டில் பிரிக்கப்படாத பஞ்சுச் சுருள். பனியில் பாதம் பாளம் பாளமாக வெடிக்கும் மலையில், கழுத்துவரை நிறைந்த எண்ணெய்க் குப்பி. என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு அதற்கு ‘நன்று’ என்று தரமும் போட்டிருக்கிறேன். உட்கார முடியவில்லை. எழுந்து மூன்று தடவை வீட்டைச் சுற்றி வந்தேன். என்ன தேடுகிறீர்கள் என்று மனைவி கேட்டாள்.

அன்றே போயிருக்க வேண்டும். போகவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பொன்னையா அரிசி எடுக்கத் தலவாக்கலைக்குப் போவார் என்று தெரிந்து, அதுவரை காத்திருந்தேன். அவர் பின்னால் நிற்காத நேரத்தில் கேட்க வேண்டும் என்பது என் திட்டம். நல்ல திட்டந்தான். அதற்கு இரண்டு நாள் செலவாயிற்று.

செவ்வாய் பிற்பகல் இரண்டரை மணிக்குக் கோட்டு இல்லாமல், கொப்பி இல்லாமல், பின்பக்க வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தேன். காளியம்மா அடுப்புக்கு முன்னால் குந்தி வல்லாரைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சோமாவதி பானை கழுவிக்கொண்டிருந்தாள். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்கங்கய்யா கொப்பி? கொப்பி இல்லாத கிளாக்கர இன்னிக்குத்தான் பாக்குறேன். வெளக்குமாறு இல்லாத வாசக்கூட்டி மாதிரில்ல இருக்கு.”

நான் அவளுக்கு எதிரே பலகையில் உட்கார்ந்தேன். “அன்னிக்கு ஏன் எல்லாரும் ஒரு நோவும் இல்லேன்னு சொன்னீங்க?” என்றேன்.

“வேற என்னத்தச் சொல்ல? பேரு, பொறந்த ஊரு, வந்து எத்தன வருசம். எங்க ஜென்மத்துல இந்த மூணையும் வரிசையாக் கேட்ட எவனும் நல்லதுக்குக் கேட்டதில்லீங்க.” கீரைத் தண்டை ஒடித்து எறிந்தாள். “நோவுன்னு சொன்னா பேர வெட்டுவீங்க. அப்ப பேர வெட்டுனா லயந்தான் போச்சு. இப்ப வெட்டுனா நாடே போகுதாமே. நடக்கமாட்டாததுகளத்தான் மொதக் கப்பல்ல ஏத்துறாங்களாம். கண்டாக்கையா சொன்னாரு. கிளாக்கரையா கணக்கெடுக்க வாராரு, நேரா நில்லுங்க, இல்லாட்டி இந்தியாவுலதான் போயி நிப்பீங்கன்னாரு.”

பொன்னையா இந்த வதந்தியை உண்மை என்று நம்பினாரா, ஒழுங்குக்கு உதவும் என்று பயன்படுத்தினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று அன்று தோன்றியது.

“கெடக்கட்டும். வீரமலை காலப் பாத்தீங்களா?” என்றாள் காளியம்மா.

“இல்லையே.”

“இந்தப் புள்ள ஓடியாந்து ஒங்ககிட்டச் சொன்னாளே! தன் காலையே தட்டித் தட்டிக் காட்டுனாளே! மருந்துக் காம்பிராவுக்குப் போன்னீங்களாமே. மூணு நாளு சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். அப்பறம் சிரிக்க முடியல.”

சோமாவதியைப் பார்த்தேன். அவள் பானையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்காமல், கையைத் துடைத்துக்கொண்டு, “தென் யமு” என்றாள். இப்போது போகலாம் என்று அர்த்தம். அது எனக்குப் புரிந்தது.

கடைசி அறையில் வீரமலை சுவரோரம் படுத்திருந்தார். அறைக்குள் கால் வைக்கும்போதே நாற்றம் வந்தது. சோமாவதி கம்பளியை விலக்கினாள். வலது பாதத்தில் மூன்று விரல்கள் கறுத்திருந்தன. பழைய வேட்டித் துண்டால் கட்டியிருந்த கட்டு, சீழில் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. அதற்கு மேலே கணுக்கால் வரை வீங்கிப் பளபளத்தது. விறகு பிளக்கும்போது கோடாலி பட்டதாம். எழுபது வயது மனிதருக்கு எதற்கு விறகு பிளக்கிற வேலை என்று கேட்டேன். பெரட்டில் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுப்பார்களாம். சோமாவதி இரண்டு தடவை அலமாரிச் சாவி கேட்டாளாம். சங்கத்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அதுவரை சாமான் குறையக்கூடாது என்று பதில் வந்ததாம். சங்கத்து ஆள் வந்துவிட்டுப் போனார். சாமான் நிறைவாக இருப்பதைப் பாராட்டி எழுதியும் கொடுத்தார். அதற்குப் பிறகு அதைக் குறைக்க யாருக்கு மனம் வரும்?

“ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றேன்.

“வேணாங்க. ஆறிடும்.” எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. “கிளாக்கரையா, என்னைய இந்தியாவுக்கு எழுதிறாதீங்க. நான் இங்கதான் டயகமவுல பொறந்தவன். அங்க எனக்கு ஒரு நாயையும் தெரியாது.”

“யாரும் எழுதல. காலைக் காட்டத்தான் போறோம்.”

“அப்பவும் இப்படித்தான் கேட்டீங்க.” குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “ஏழு வருசத்துக்கு முந்தி. பெரட்டுக் களத்துல நின்னு, ஒடம்பு எப்படி வீரமலைன்னு சிரிச்ச மொகமாக் கேட்டீங்க. முதுகு கொஞ்சம் வலிக்குதுன்னேன். அடுத்த மாசம் பேரு இல்ல.”

என் நாட்குறிப்பில் அதுவும் இருக்கிறது. பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அன்றைய பக்கத்தில் ‘நான்கு பெயர்கள் நீக்கம், மழை, மாலையில் புதிய சூப்பிரண்டன் துரையுடன் தேநீர்’ என்று இருந்தது. நான்கு பேரின் பெயரைக்கூட எழுதவில்லை. புள்ளி பிசகாமல் எழுதுகிறவன்!

அன்று அந்த அறையில் வீரமலை வர மறுத்துவிட்டார். காளியம்மாதான் ஒரு வழி சொன்னாள். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து வந்து தரையில் வைத்தாள். “நெருப்பு மேல கை வச்சிச் சத்தியம் பண்ணுங்கய்யா, எந்தக் காயிதத்துலயும் இவரு பேர எழுத மாட்டேன்னு.” இத்தனை வயதில், உத்தியோகத்தன் நான், கொள்ளிக்கு மேல் உள்ளங்கையை நீட்டிச் சத்தியம் செய்தேன். வீரமலை என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தார். சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொள்வேனா என்று பார்த்திருப்பார். பிறகு, “சரி, தூக்குங்க” என்றார்.

கொழுந்து ஏற்றும் லொறியில் படங்குச் சாக்கை விரித்து அவரைப் படுக்கவைத்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். சோமாவதியும் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் பெயர் பதிகிறவர் பேனாவைத் திறந்து கேட்டார்: பெயர்? பிறந்த ஊர்? எந்த நாடு? உலகத்தில் எல்லா மேசைகளிலும் ஒரே மனிதன்தான் உட்கார்ந்திருக்கிறான் போலும். என் தோட்டத்து மேசையில் அவனுக்கு என் முகம். நான் வாயைத் திறக்கவில்லை. நெருப்பின் மேல் சொல்லியிருந்தேன். சோமாவதி முன்னால் வந்து பெயரைச் சொன்னாள், டயகம என்றாள், பிறகு, “அபே மனுஸ்ஸயெக்” என்றாள். நம்முடைய ஆள் என்று பொருள். பெயர் பதிகிறவர் அவளைப் பார்த்தார், வீரமலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் எழுதினார்.

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். “பத்து நாளைக்கு முன்னே கொண்டு வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும்” என்றார். இப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்ன கணக்கு. சனிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கிழமைவரை விரல் விட்டு எண்ணினேன். சரியாகப் பத்து.

சங்கத்துச் செயலாளரிடம் போனேன். முதல் அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். “அது மேலே போயாச்சுங்க. நீங்கதானே ‘மிக நன்று’ போட்டீங்க? அதே கையால ‘போதாது’ன்னு இன்னொண்ணு குடுத்தா, சங்கத்தப் பத்தி நாலு பேர் என்ன நெனப்பாங்க?” என்றார். நாலு பேர் என்ன நினைப்பார்கள்! முசிறியில் கேட்ட அதே வாக்கியம். கடலைத் தாண்டி வந்தும் அது என் காதை விடவில்லை. ஒரு முழுத் தாளில், ‘முதல் அறிக்கை தவறு. அந்தத் தவறு என்னுடையது’ என்று தொடங்கி எல்லாவற்றையும் எழுதி, வீரமலையின் பெயரை மட்டும் எழுதாமல், கையெழுத்திட்டு, அவர் கண்முன்னே கோப்பில் கோத்துவிட்டு வந்தேன்.

பொன்னையாவிடமும் பேசினேன். பேசினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, கத்தினேன். அவர் அடங்கிய குரலில் சொன்னார்: “நான் அடிச்சேனாங்க? பட்டினி போட்டேனா? வரிசையா நிக்கச் சொன்னேன். ஐயாவும் பாத்துச் சந்தோசப்பட்டீங்கதானே?” கடைசியில் நடந்தது இவ்வளவுதான்: மருந்து அலமாரிச் சாவி சோமாவதியின் இடுப்புக்கு வந்தது. காலைப் பெரட்டு நின்றது. பொன்னையா அதே நாற்காலியில் இருக்கிறார். ஒரு முக்காலியும் வாங்கியிருக்கிறார்கள்.

கொழும்பிலும் டில்லியிலும் உட்கார்ந்து ஆளைப் பிரித்தவர்களுக்கு ஒன்று தெரியுமா என்று நினைப்பேன். அவர்களுடைய கையெழுத்து இங்கே ஒரு கிழவனின் பாதத்தில் கம்பளியைச் சுற்றியிருக்கிறது. சொந்தப் புண்ணைக்கூடச் சொந்தம் என்று சொல்ல முடியாமல் ஆக்கியிருக்கிறது. ஆனால் அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். கொப்பியோடு பக்கத்தில் நின்றவன் நான்.

இனி கடைசியாக நடந்தது. அறுவை முடிந்த மறுநாள், வெட்டிய காலை என்ன செய்வார்கள் என்று வீரமலை விசாரித்தார். ஆஸ்பத்திரிக் குப்பையோடு எரித்துவிடுவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிவிட்டார். வலிக்கு அழாத மனிதர் அப்போது அழுதார். “என் காலு எனக்கு வேணும். ஒங்களால வாங்க முடியும் கிளாக்கரையா. எழுதிக் குடுத்து வாங்குங்க” என்றார். எழுதிக் கொடுக்கச் சொல்லி அவரே கேட்டார். எழுதிக் கொடுத்து வாங்கினேன். என் பெயரைத்தான் எழுதினேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஆசாரி ஒரு சின்னப் பெட்டி செய்து தந்தான். இல்லத்தின் பின்வேலி ஓரத்தில், தேயிலை தொடங்குகிற இடத்தில் குழி தோண்டினேன். இருபத்தாறு வருடத்தில் இந்த மண்ணில் நான் மண்வெட்டி பிடித்தது அதுதான் முதல் தடவை. பொன்னையா வந்து, இதற்கு அனுமதி வாங்க வேண்டாமா என்று கேட்டார். நான் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து வீரமலை கக்கத்தில் கட்டையோடு திரும்பி வந்தார். உள்ளே போகாமல் முதலில் வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். காளியம்மாவும் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். கால் புதைத்த மேட்டைக் கட்டையின் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

“இனிமே என்னைய அனுப்பணும்னா இதத் தோண்டி எடுத்துக் கையில குடுக்கணுங்க” என்றார். “கொறையா ஒரு ஆள எப்படிக் கப்பல்ல ஏத்துவாங்க?”

“ஒன் காலுக்குப் பிரஜாவுரிமை குடுத்துட்டாங்கய்யா” என்றாள் காளியம்மா. “மிச்சத்துக்கு நீதான் மனுப் போடணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பதினான்கு பேரும் வரிசையில்லாமல் நின்று சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது. அதில் இந்த நாட்டில் தங்குவதற்கான முத்திரையைத் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். ஐம்பத்தைந்தில் வேலை முடிந்ததும் முத்திரையும் முடியும், நான் ஊருக்குக் கப்பலேற வேண்டும்.

வீரமலை என் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டையை வேலியில் சாய்த்தார். இடது பாதத்தை மெல்ல நகர்த்தி மேட்டின் பக்கத்தில், அதற்கு நேராக வைத்தார். இரண்டு காலும் சேர்ந்து நிற்கிற மனிதனைப் போல நிமிர்ந்தார். ஒன்று, எந்தச் சட்டமும் எட்டாத ஆழத்தில் இருந்தது. மற்றது, எந்த நாட்டுக்கும் எழுதப்படாமல் ஈரப் புல்லின் மேல் இருந்தது. அவருடைய முழுப் பாரமும் என் தோளில் இருந்தது. கீழே பார்த்தேன். செருப்புக்குள் என் இரண்டு கால்களும் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட இங்கே விட்டுவிட்டுப் போக எனக்கு வழியில்லை.